ஆவணமும் ஆட்சியும் காட்சியும்: அனைத்துலகச் சட்டம் சான்று தேடிய வரலாறு

ஒரு நாட்டுக்குள் சட்டம் எது என்று அறிய விரும்புவோர், அந்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய ஏட்டைப் புரட்டினால் போதும். நாடுகளுக்கு இடையே நிலவும் சட்டத்துக்கு அத்தகைய ஏடு இல்லை. உலகம் முழுவதற்கும் சட்டம் இயற்றும் மன்றமும் இல்லை. நாடுகள் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும், நெடுங்காலம் கைக்கொண்டு வந்த வழக்கங்களுமே அங்குச் சட்டமாகின்றன. ஆகவே அனைத்துலகச் சட்டத்தை ஆராய்வோர் முன்னால் ஒரு கேள்வி எப்பொழுதும் நிற்கிறது. "இதுதான் வழக்கம் என்கிறீரே, அஃது உமக்கு எப்படித் தெரியும்?" என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் முதியவர் ஒருவர் வந்து, நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிடுகிறார். அவையத்தார் அவருடைய முதுமைக்கு இரங்கி முடிவு கூறிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் கொண்டு வழக்கை நிறுவுமாறு கேட்கின்றனர். ஆட்சி என்பது இடையறாது நடந்துவரும் அனுபவம். ஆவணம் என்பது எழுத்து. காட்சி என்பது வழக்கில் தொடர்பில்லாத பிறர் கண்டு கூறும் சான்று. நம்பியாரூரர் முன்னர்க் கிழித்தது படி ஓலை என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூறுகிறார். அவையத்தார் அம்மூல ஓலையின் கையெழுத்தை ஆரூரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஏட்டோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பளிக்கின்றனர்.

சேக்கிழார் காட்டும் அந்த அவையின் நடைமுறையை, இக்காலத்து அனைத்துலகச் சட்ட அறிஞர்கள் அனுபவ ஆராய்ச்சி முறை என்று அழைக்கும் முறைக்கு நல்ல விளக்கமாகக் கொள்ளலாம். முன்னோர் எழுதிய நூலைக் கொண்டு மற்றொரு நூல் எழுதுவதோடு அமையாமல், நடந்தது யாது என்பதை ஆவணங்களிலும் நடைமுறையிலும் எண்ணிக்கையிலும் நேரே தேடிக் காண்பது அம்முறை. அஃது ஏட்டுப் புலவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. அம்முறை கைவிடப்பட்டிருந்த காலத்தில் ஜொகூர் போன்ற கீழைநாட்டு அரசுகள் சட்டநூல்களிலிருந்து காணாமற் போயின. அது கையாளப்பட்டபோது திரும்பி வந்தன. அதே முறை, தன்னை நாடி வந்தவர்க்கு எதிரான முடிவைத் தந்ததும் உண்டு. இந்த இரு பக்கங்களையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலோர் இட்ட வேலி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அனைத்துலகச் சட்டநூல்களுள் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்கரான ஹென்றி வீட்டன் 1836ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். நாடுகளுக்கு இடையிலான பொதுச்சட்டம், சிற்சில விலக்குகள் நீங்கலாக, ஐரோப்பாவின் நாகரிகமடைந்த கிறிஸ்தவ மக்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே உரியது என்பது அவர் கொள்கை. 1880களில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் லோரிமர் இன்னும் ஒருபடி மேலே சென்று, மனித குலத்தையே நாகரிகர், அரை நாகரிகர், காட்டுநிலையினர் என மூன்று வட்டங்களாகப் பிரித்தார். முதல் வட்டத்தாருக்கே முழு உரிமை. ஏனையோர்க்கு அரைகுறை உரிமை, அல்லது உரிமையே இல்லை.

இப்பிரிவினைக்கு அவர்கள் காட்டிய சான்று யாது என்று தேடினால், பெரும்பாலும் வேறோர் ஆசிரியரின் கூற்றே கிடைக்கும். அளவை நூலார் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைக் கூறுவர். அந்நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர்கள், இப்பொருளைப் பொறுத்தவரை, உரையளவை ஒன்றையே நம்பினர் என்று சொல்லலாம். ஆசிய மன்னர்களோடு ஐரோப்பியர் முந்நூறு ஆண்டுகளாகச் செய்துகொண்ட உடன்படிக்கைகள் லிஸ்பனிலும் தி ஹேக்கிலும் லண்டனிலும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றை அவிழ்த்துப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதன் விளைவு சிறிதன்று. ஓர் அரசு சட்டத்தின் வட்டத்துக்குள் இல்லையெனில், அதனோடு செய்த உடன்படிக்கையை மீறுவது வாக்குத் தவறுதலேயன்றிச் சட்ட மீறல் ஆகாது. அதன் நிலத்தைக் கைப்பற்றுவதும் பிறர் உடைமையைப் பறிப்பதாக எண்ணப்படாது. நூலோர் இட்ட வேலி, ஆதிக்கத்தினர்க்கு வாயிலாகப் பயன்பட்டது.

சென்னையில் ஒரு போலந்துப் பேராசிரியர்

அவ்வேலியை ஆவணங்களைக் கொண்டு அசைத்தவர்களுள் தலையாயவர் சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச் என்பவர். இவர் 1902ஆம் ஆண்டில், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழிருந்த லெம்பர்க் நகரில் பிறந்த போலந்து நாட்டவர். 1951 முதல் 1961 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராகப் பணியாற்றினார். அனைத்துலக விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு மலர் 1952 முதல் சென்னையிலிருந்து வெளிவந்தது இவர் முயற்சியால்தான்.

அவர் பிறந்த காலத்தில் உலகப் படத்தில் போலந்து என்றொரு நாடு இல்லை. அண்டை வல்லரசுகள் அதனைப் பங்கிட்டுக்கொண்ட வேலை 1795இல் முடிந்தது. 1918இல்தான் அது மீண்டும் தலையெடுத்தது. பெயர் நீக்கப்பட்ட ஓர் அரசு உண்மையில் இறந்துவிடுகிறதா, உறங்குகிறதா என்ற கேள்வி அவர் பிறந்த நாட்டின் வரலாற்றிலேயே இருந்தது. அக்கேள்வியைப் பின்னாளில் அவர் ஆசிய நாடுகளைக் குறித்தும் எழுப்பினார். விடுதலையடைந்த ஆசிய நாடுகள் அனைத்தையும் புதிதாய்ப் பிறந்த நாடுகள் என்று கூறிவிட முடியுமா, முன்பு இறைமையுடன் விளங்கியவை அதனை மீட்டுக்கொண்டன என்று கொள்ளலாகாதா என்று 1969இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர் ஆராய்ந்தார்.

ஆயினும் உணர்ச்சியைக் கொண்டு அவர் வழக்காடவில்லை. முதற்கண் ஆவணங்களைப் படித்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசியாவில் செய்துகொண்ட உடன்படிக்கைகளைத் திரட்டி ஹேரஸ், ஸ்டாப்பல் என்னும் இருவர் 1907 முதல் 1955 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தனர். போர்த்துகீசிய உடன்படிக்கைகளை பிக்கர் என்பவர் 1881க்கும் 1887க்கும் இடையில் பதினான்கு தொகுதிகளாக வெளியிட்டிருந்தார். ஆங்கிலேயர் இந்திய அரசர்களோடு செய்தவற்றை எய்ச்சிசன் தொகுத்திருந்தார். வரலாற்றறிஞர்கள் பயன்படுத்தி வந்த இத்தொகுதிகளை அலெக்சாண்ட்ரோவிச் சட்டக் கண்கொண்டு படித்தார். 1960இல் தி ஹேக் நகரின் அனைத்துலகச் சட்டக் கழகத்தில் இப்பொருள் பற்றி விரிவுரையாற்றினார். 1967இல், கீழை இந்தியப் பகுதியில் நாடுகளின் சட்ட வரலாறு குறித்த தம் நூலை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வாயிலாக வெளியிட்டார்.

அவர் கண்டவை யாவை? பதினாறு, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் ஆசிய மன்னர்களைச் சட்டத்துக்குப் புறம்பானவர்களாக நடத்தவில்லை. தூதரை அனுப்பினர், தூதரை வரவேற்றனர். இரு தரப்பாரும் தத்தம் சமயமுறைப்படி உறுதிமொழி கூறி உடன்படிக்கையை நிலைநிறுத்தினர். வணிகக் கொத்தளம் அமைக்கவும், தம் குடிகளைத் தாமே விசாரித்துக்கொள்ளவும் ஐரோப்பியர் பெற்ற உரிமைகள், தொடக்கத்தில் ஆசிய மன்னர்கள் தம் இறைமையின்பாற்பட்டு வழங்கிய சலுகைகளாகவே இருந்தன. கேட்டுப் பெற்றவன் ஐரோப்பியன். கொடுத்தவன் கீழைநாட்டு அரசன்.

தமிழர் அறிய வேண்டிய சான்று ஒன்று இங்கு உண்டு. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர், டென்மார்க் நாட்டாருக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் செய்ய இசைவளித்தார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் விடுத்த பொன்னேடு, தமிழில் பொறிக்கப்பட்டு இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தரங்கம்பாடி டென்மார்க் நாட்டார் வெறுமனே வந்து குடியேறிய மண்ணன்று. ஓர் அரசன் உடன்பட்டு, ஆண்டுதோறும் தொகை பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்த மண். அரை நாகரிகர் வட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் இவ்வாறு பொன்னில் எழுதிச் சட்டம் பேசியிருக்கின்றனர்.

எனினும் ஆவணத்தைக் கண்டவுடன் அதனை அப்படியே நம்பிவிடலாகாது. கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனும் டச்சுக்காரரும் போர்த்துகீசியரை எதிர்த்து 1638இல் செய்துகொண்ட உடன்படிக்கை இதற்கு எடுத்துக்காட்டு. கைப்பற்றும் கோட்டைகளில் டச்சுப் படை தங்குவது "மன்னர் விரும்பினால்" என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது என மன்னரிடமிருந்த படி கூறியது. டச்சுக்காரர் வைத்திருந்த படியில் அந்த நிபந்தனை காணப்படவில்லை. இலங்கையின் கடற்கரைக் கோட்டைகள் யாருக்குரியவை என்று பின்னர் எழுந்த பூசலுக்கு இச்சிறு தொடர் ஒரு காரணமாயிற்று. படி ஓலையையும் மூல ஓலையையும் வெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஏன் ஒப்பிட்டுப் பார்த்தனர் என்பது இதனால் விளங்கும்.

அலெக்சாண்ட்ரோவிச்சின் முடிவுகளும் இத்தகைய சோதனைக்குத் தப்பவில்லை. உடன்படிக்கையின் எழுத்தில் சமத்துவம் இருந்தது உண்மையே. ஆனால் அவ்வெழுத்தின் பின்னால் பீரங்கி இருந்ததை அவர் போதிய அளவு கருதவில்லை என்று பின்வந்தோர் கூறினர். மசாலைத் தீவுகளில் டச்சுக்காரர் பெற்ற தனியுரிமை ஒப்பந்தங்களைச் சமமானவர்களின் இசைவு என்பது எளிதன்று. கடல்கள் எல்லார்க்கும் பொது என்னும் கொள்கையை ஐரோப்பிய அறிஞர் ஆசியக் கடல் வழக்கத்திலிருந்து பெற்றிருக்கலாம் என்று அவர் கருதியதும், நேரான சான்று போதாமையால் ஐயுறப்பட்டது. அவர் பிறர்க்கு வைத்த உரைகல்லே அவர் கருத்துக்கும் வைக்கப்பட்டது.

ஜொகூர்க் கடலில் பிறந்த நூல்

கடல்கள் பொது என்னும் அக்கொள்கையின் கதை, நமக்கு மிக அருகே நடந்த ஒரு நிகழ்ச்சியில் தொடங்குகிறது. 1603ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25ஆம் நாள், சிங்கப்பூரின் கிழக்குக் கரைக்கு அப்பால், ஜொகூர் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்து, சாந்தா கத்தரினா என்னும் போர்த்துகீசியப் பெருங்கப்பலை டச்சுத் தலைவர் யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க் கைப்பற்றினார். மக்காவிலிருந்து மலாக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலில் சீனப் பட்டும் பீங்கானும் கஸ்தூரியும் நிறைந்திருந்தன. ஜொகூர் அரசு டச்சுக்காரருக்குத் துணை நின்றது. சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டபோது 30 லட்சம் கில்டருக்கு மேல் கிடைத்தது. 1604இல் அங்கிருந்த கடற்படை நீதிமன்றம் அதனை முறையான போர்க்கொள்ளை என்று தீர்ப்பளித்தது.

கொள்ளையா, உரிமையா என்ற ஐயம் டச்சு மக்களிடையேயே இருந்தமையால், கம்பெனியார் ஓர் இளம் வழக்கறிஞரை அணுகினர். அவர்தாம் பின்னாளில் அனைத்துலகச் சட்டத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட ஹியூகோ குரோஷியஸ். 1583இல் பிறந்த அவருக்கு அப்பொழுது இருபத்தொரு வயதுதான். கீழைக்கடலில் போர்த்துகீசியர் இழைத்த கொடுமைகளைப் பற்றிய வாக்குமூலங்களையும் கடிதங்களையும் கம்பெனியார் திரட்டி அவரிடம் தந்தனர். அவற்றைக் கொண்டு அவர் எழுதிய போர்க்கொள்ளைச் சட்டம் பற்றிய விரிவுரை முழுமையாக அச்சேறவில்லை. அதன் பன்னிரண்டாம் அதிகாரம் மட்டும் 1609இல், ஆசிரியர் பெயரின்றி, "கட்டற்ற கடல்" என்னும் பொருள்படும் இலத்தீனத் தலைப்பில் வெளிவந்தது. அச்சிறுநூலே கடல் வழிகள் அனைவர்க்கும் பொது என்னும் கொள்கைக்கு வித்தாயிற்று.

எஞ்சிய கைப்பிரதி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அறியாது கிடந்தது. 1864இல் தி ஹேக் நகரில் நடந்த ஏலத்தில் அது வெளிப்பட்டு, லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தது, 1868இல் அச்சாயிற்று. வரலாற்றறிஞர் ராபர்ட் ஃபிரூயின் அதனை ஆராய்ந்தபோதுதான், பொதுமை அறமாகப் போற்றப்பட்ட அச்சிறுநூல், உண்மையில் ஒரு கம்பெனியின் வழக்குக்காக எழுந்த வாதத்தின் ஒரு பகுதி என்பது தெளிவாயிற்று. 1613இல் ஆங்கிலேயர் கீழைநாட்டு வாணிகத்தில் தமக்கும் பங்கு கேட்டு, "கட்டற்ற கடல்" நூலையே மேற்கோள் காட்டி வாதிட்டனர். அப்பொழுது டச்சுக்காரரின் தனியுரிமையைக் காக்க லண்டனுக்கு வந்து எதிர்வாதம் புரிந்தவர் அதே குரோஷியஸ்!

இதனால் கொள்கை பொய்யாகிவிடாது. அது யாருடைய தேவைக்காக, எந்தக் கரையில், எந்தச் சரக்கின் பொருட்டுப் பிறந்தது என்பது தெரிகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் போர்ஷ்பெர்க் போன்ற வரலாற்றறிஞர்கள் டச்சு, போர்த்துகீசிய மூல ஆவணங்களைக் கொண்டு இந்நிகழ்ச்சியை மீண்டும் ஆராய்ந்து, அதில் ஜொகூரின் பங்கையும் வெளிக்கொணர்ந்துள்ளனர்.

தாத்ராவுக்குச் செல்லும் வழி

ஆவணத்தைப் பற்றி இதுவரை பார்த்தோம். ஆட்சி என்னும் சான்றை அனைத்துலக நீதிமன்றம் எவ்வாறு எடைபோட்டது என்பதற்கு, 1960 ஏப்ரல் 12இல் தீர்ப்பளிக்கப்பட்ட போர்த்துகல்-இந்தியா வழக்கு சிறந்த எடுத்துக்காட்டு. டாமனுக்குக் கிழக்கே இந்திய நிலத்தால் சூழப்பட்டிருந்த தாத்ரா, நாகர் ஹவேலி என்னும் பகுதிகளுக்குச் செல்லும் வழியுரிமை தமக்கு உண்டென்று போர்த்துகல் 1955இல் வழக்குத் தொடுத்தது. 1954இல் இந்தியா அவ்வழியை அடைத்திருந்தது.

போர்த்துகல் முதலில் காட்டியது ஆவணம். மராத்தியரோடு 1779இல் செய்த உடன்படிக்கை. நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று ஒதுக்கவில்லை. அக்காலத்து இந்திய நிலைமையில் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கையைப் பிற்கால முறைகளைக் கொண்டு அளக்கலாகாது என்றே கூறியது. ஆனால் அதன் வாசகத்தையும் தொடர்ந்து வந்த மராத்திய ஆணைகளையும் படித்துப் பார்த்து, மராத்தியர் வழங்கியது ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருவாய் பெறும் உரிமையே, நிலத்தின் இறைமையன்று என்று முடிவு செய்தது.

பின்னர் நீதிமன்றம் ஆட்சியை நோக்கியது. ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் ஏறத்தாழ 125 ஆண்டுகளாக அவ்வழியே யார் யார் சென்றனர், எதைக் கொண்டு சென்றனர், யாரைக் கேட்டுச் சென்றனர் என்பவற்றைக் கடிதங்களிலிருந்தும் அரசாணைகளிலிருந்தும் தேடியது. குடிமக்களும் குடிமை அதிகாரிகளும் பொதுச் சரக்குகளும் தடையின்றிச் சென்று வந்துள்ளனர். படையினரும் காவலரும் படைக்கலங்களும் ஒவ்வொரு முறையும் இசைவு பெற்றே சென்றுள்ளனர். தம் படைகள் முன்னிசைவின்றி ஆங்கில எல்லையைக் கடப்பதில்லை என்று போர்த்துகீசிய அரசின் அதிகாரியே 1890இல் கடிதம் எழுதியிருந்தார். இசைவு கேட்டுச் செல்பவனுக்கு உரிமை ஏது? ஆகவே முதல் வகையினர்க்கு உரிமை உண்டு, இரண்டாம் வகையினர்க்கு இல்லை என்று தீர்ப்பாயிற்று. 1954இல் அப்பகுதியில் நிலவிய பதற்றத்தைக் கருதி, இந்தியா தன் கடமைக்கு மாறாக நடக்கவில்லை என்றும் நீதிமன்றம் கூறியது.

சட்ட ஆராய்ச்சியாளர்க்கு இவ்வழக்கு கற்பித்த பாடம் பெரிது. வழிச்செலவு பற்றிய உலகப் பொதுவிதி யாது என்ற நெடிய வாதத்துக்குள் நீதிமன்றம் புகவேயில்லை. இரண்டு நாடுகளுக்கு இடையே நடந்த வழக்கமே சட்டமாகப் போதும் என்று கொண்டு, அவ்வழக்கத்தையே உண்மையில் நடந்தபடி ஆராய்ந்தது.

மூன்றும் கூடிய வழக்கு

ஆவணம், ஆட்சி, காட்சி ஆகிய மூன்றும் ஒருங்கே எடைபோடப்பட்ட வழக்கு நம் வாசலிலேயே நடந்தது. மலேசியா பத்து பூத்தே என்றும் சிங்கப்பூர் பெட்ரா பிராங்கா என்றும் அழைக்கும் பாறைத்தீவு, 137 மீட்டர் நீளமும் சராசரி 60 மீட்டர் அகலமும் உடையது. இரு பெயருக்கும் பொருள் வெள்ளைப் பாறை என்பதே. சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலைச் சந்திக்கும் இடத்தில், 1851 முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைத் தாங்கி நிற்கிறது. அது யாருக்குரியது என்னும் வழக்கை 2003இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டு அனைத்துலக நீதிமன்றத்தின்முன் வைத்தன. 2008 மே 23இல் தீர்ப்பு வெளிவந்தது.

முதற் கேள்வி, அத்தீவு ஆதியில் யாருக்கும் உரிமையற்றுக் கிடந்ததா என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலோர் இதற்கு எவ்வாறு விடை சொல்லியிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. நீதிமன்றமோ ஆவணத்தை நாடியது. ஜொகூர் நெடுங்காலமாக இறைமையுள்ள அரசாக மதிக்கப்பட்டது, அதன் மன்னர்க்குப் போர் தொடுக்கும் முழு அதிகாரம் உண்டு என்னும் கருத்தமைந்த ஒரு பழைய நூற்பகுதியை அது எடுத்துக்காட்டியது. அது வேறெதுவுமன்று, 1864இல் ஏலத்தில் வெளிப்பட்ட குரோஷியஸின் கைப்பிரதியிலுள்ள பகுதிதான். கம்பெனியின் கொள்ளையை நியாயப்படுத்த எழுதப்பட்ட வரிகள், நானூறு ஆண்டுகள் கழித்து ஜொகூரின் பழைய உரிமைக்குச் சான்றாக நின்றன.

அடுத்து அயலார் காட்சி வந்தது. நீரிணைத் தீவுகளில் வாழ்ந்த கடலோடிகளான ஓராங் லாவுட் மக்கள் ஜொகூர் சுல்தானின் ஆணைக்குட்பட்டவர் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் அதிகாரிகள் தம் அறிக்கைகளில் எழுதியிருந்தனர். எழுத்தறியா அம்மக்கள் எந்தச் சட்டநூலிலும் இடம்பெறாதவர்கள். அவர்கள் மீன் பிடித்ததும் கடலில் திரிந்ததும் மன்னனின் இறைமைக்குச் சான்றாயின. தீவு ஆதியில் ஜொகூருக்கே உரியது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அத்துடன் வழக்கு முடிந்திருந்தால், அனுபவ ஆராய்ச்சியைக் கீழைநாட்டு அரசுகளின் தோழன் என்று பாராட்டி இக்கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் ஏடுகளுள் 1953ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றும் இருந்தது. அத்தீவின் நிலைமை யாது என்று சிங்கப்பூர்க் காலனித்துவச் செயலாளர் அலுவலகம் அவ்வாண்டு ஜூனில் கேட்டதற்கு, செப்டம்பர் 21இல் ஜொகூரின் தற்காலிக அரசாங்கச் செயலாளர் விடையெழுதினார். ஜொகூர் அரசு அத்தீவின் உடைமையைக் கோரவில்லை என்பது அவ்விடை. அவருக்கு அவ்வாறு எழுத அதிகாரம் இல்லை என்று மலேசியா வாதிட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. பின்னர் ஆட்சி எடைபோடப்பட்டது. அக்கடற்பகுதியில் நேர்ந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தமை, தீவுக்குச் செல்வோர்க்கு இசைவளித்தமை, 1977இல் அங்குப் படைத்துறைத் தொடர்புக் கருவிகளை நிறுவியமை ஆகியவற்றோடு, 1962க்கும் 1975க்கும் இடையில் மலேசியாவே வெளியிட்ட படங்களில் அத்தீவின் அருகே சிங்கப்பூர் என்று குறிக்கப்பட்டிருந்தமையும் கணக்கில் வந்தது. 1980க்குள் இறைமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று 12 நீதிபதிகள் ஒருபுறமும் 4 பேர் மறுபுறமுமாகத் தீர்ப்பு அமைந்தது. அருகிலுள்ள நடுப்பாறைகளைக் குறித்து அத்தகைய சான்று இல்லாமையால், அவை ஜொகூரின் ஆதி உரிமைப்படி மலேசியாவுக்கே உரியவையாயின.

ஒரே தீர்ப்பில், ஒரே முறை, ஜொகூரின் பழம்பெருமையை நிலைநாட்டியது. அதன் பிற்கால உரிமையை மறுத்தது. சான்று யாருக்கும் ஏவலாள் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? 2017இல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த 1950, 1960களைச் சேர்ந்த ஏடுகளைக் காட்டித் தீர்ப்பைத் திருத்துமாறு மலேசியா விண்ணப்பித்தது. 2018இல் அவ்விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு காப்பகப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது நாடுகளின் எல்லையைத் தொடும் செய்தி என்பதை இதனால் உணரலாம்.

எண்ணிக் காணுதல்

இந்நூற்றாண்டில் சான்று தேடும் முறை மற்றொரு திசையிலும் வளர்ந்துள்ளது, அஃது எண்ணிக்கை. நாடுகள் பெரும்பாலும் சட்டத்துக்கு அடங்கியே நடக்கின்றன என்று அமெரிக்கப் பேராசிரியர் லூயி ஹென்கின் 1968இல் எழுதினார். அக்கூற்றுப் பல நூல்களில் மேற்கோளாயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அதனை எண்ணிப் பார்க்க அறிஞர் முற்பட்டனர். 2002இல் ஊனா ஹாதவே என்னும் அறிஞர், 166 நாடுகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து, மனித உரிமை ஒப்பந்தங்களில் கையொப்பமிடுவதால் மட்டும் நாடுகளின் நடத்தை திருந்திவிடவில்லை என்றும், சில இடங்களில் கையொப்பமிட்டோரின் நிலை இன்னும் மோசமாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். அறிஞருலகம் அதிர்ந்தது. அவர் கொண்ட அளவுகோல் சரியானதா என்று சிலர் மறுத்தனர். 2009இல் பெத் சிம்மன்ஸ், உள்நாட்டு மக்களும் நீதிமன்றங்களும் ஒப்பந்தத்தைக் கையிலெடுத்துப் போராடக்கூடிய நாடுகளில் பயன் விளைகிறது என்று காட்டினார். 2012இல் ஷாஃபர், கின்ஸ்பர்க் என்னும் இருவர், அனைத்துலகச் சட்ட ஆராய்ச்சி அனுபவ முறையை நோக்கித் திரும்பியிருப்பதை விரிவாக மதிப்பிட்டு எழுதினர்.

எண்ணிக்கைக்கும் குறை உண்டு. கொடுமையை மறைக்க வல்ல அரசின் கணக்கில் கொடுமை குறைவாகவே தெரியும். திறந்த அரசின் கணக்கில் மிகுதியாகத் தெரியும். எண்ணத்தக்கதை எண்ணிவிட்டு, எண்ண முடியாததை இல்லையென்று கொள்வது மற்றொரு தவறு. கண்டி உடன்படிக்கையை ஒன்று என எண்ணிக்கையில் சேர்த்துவிடலாம். இரு படிகளுக்கும் இடையே காணாமற் போன தொடரை எண்ணிக்கை காட்டாது. அதற்கு மொழியறிந்து மூலத்தைப் படிப்போர் வேண்டும்.

இங்கேதான் தமிழாசிரியர்க்கும் தமிழ் மாணவர்க்கும் பணி காத்திருக்கிறது. கீழைநாட்டு மன்னர்கள் தம் மொழிகளில் எழுதிய உடன்படிக்கைகளைப் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளின் வாயிலாகவே சட்ட உலகம் அறிந்துள்ளது. அலெக்சாண்ட்ரோவிச்சும் அச்சிட்ட ஐரோப்பியத் தொகுதிகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. தரங்கம்பாடிப் பொன்னேட்டின் தமிழ் வாசகம் எந்தச் சொல்லால் கொடையைக் குறிக்கிறது, எந்தச் சொல்லால் குத்தகையைக் குறிக்கிறது என்று நுணுகிக் காண்பது, பழந்தமிழ் வழக்கும் பழைய எழுத்தும் அறிந்தவர்க்கே இயலும். ஜாவி எழுத்து மலாய் மடல்களுக்கும் இதே நிலைதான். ஒரு சொல்லின் பொருள் வேறுபட்டால் ஒரு கோட்டையின் உரிமை வேறுபடும் என்பதை 1638ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கண்டோம்.

இலக்கணமும் கல்வெட்டும் கற்பதால் உலகியற் பயன் யாது என்று மாணவர் வினவும்போது, வெண்ணெய்நல்லூர் அவையையும் வெள்ளைப் பாறை வழக்கையும் அருகருகே வைத்துக் காட்டலாம். ஓலையை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத நாட்டின் உரிமையை, தெரிந்தவர் எழுதி முடித்துவிடுவர்.